சூடேறாத மேற்குப் பாதி

காலையில் போட்ட பாதித் தளம் சேறாகவே கிடந்தது. அதே நாள் மத்தியானத்துக்கு மேல் போட்ட பாதி கல்லாகிவிட்டது. முதலில் அடுப்பில் ஏற்றிய உலை அப்படியே கிடக்க, பின்னால் ஏற்றியது பொங்கி வழிந்த கதைதான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. ஓவர்சியர் ஜெயச்சந்திரன் புதுத் தளத்தின் மேல் நின்று குடைக் காம்பால் குத்திப் பார்த்தார். கிழக்குப் பக்கம் குத்தினால் டங்கென்றது. மேற்குப் பக்கம் குத்தினால் காம்பு மூன்று விரற்கடை உள்ளே இறங்கியது. இழுத்தபோது நுனியில் சாம்பல் நிறச் சகதி ஒட்டியிருந்தது. அதை மேஸ்திரி அப்பாவுவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது என்னய்யா? சிமெண்டா, களியா?"

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவிலிருந்த அந்த உயர்நிலைப் பள்ளிக்கு அது ஓர் அறைக் கட்டடம். சயின்ஸ் லேப். அதற்காகத்தான் ஜூன் மாதம் யதுகிரியை வேலைக்கு எடுத்திருந்தார்கள். திருப்பதிப் பெண். பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி. வயது இருபத்திரண்டு. அவள் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது என்று பிள்ளைகள் சொல்லுவார்கள், அவள் காதில் விழும்படியே. இப்போது அவள் கீழே மூங்கில் ஏணியின் அருகில், கையில் வருகைப் பதிவேட்டுடன் நின்று, மேலே நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதே மூட்டைதான் சார். அதே கெணறு. சாமி சத்தியமா" என்றான் அப்பாவு.

"நேத்து காலைல நான் எங்க இருந்தேன்?"

"சித்தூர் ஆபீஸ்ல சார்."

"மத்தியானம்?"

"இங்கதான் சார்."

"நான் இல்லாதப்ப போட்டது இறுகலை. நான் நின்னுக்கிட்டுப் போட்டது இறுகிப்போச்சு. ஏமய்யா, நான் என்ன சின்னப் பிள்ளையா? காலைல மட்டும் பன்னெண்டு மூட்டை பர்மிட் சிமெண்ட். எத்தனை வெளியே போச்சு, எத்தனை மூட்டை சாம்பல் உள்ளே வந்துச்சு?"

அப்பாவு தன் கையைப் பார்த்தான். இருபது வருஷமாகக் கரண்டி பிடித்த கை. அதில் சுண்ணாம்புப் புண் உண்டு, திருட்டுப் பட்டம் கிடையாது.

"திங்கக்கிழமை காலைல சுத்தியலோட ஆள் வரும். மேற்குப் பாதி முழுக்க உடைச்சுத் தள்ளிடணும். உன் பேரை எழுதி மேலே அனுப்புறேன். ஏப்ரல் ஒண்ணாம் தேதி திருத்தணி ஆந்திராவை விட்டு மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போகுது. என் ஆபீசே ரெண்டாகுது. ஃபைல் கட்டெல்லாம் அதுக்குள்ள பிரிச்சாகணும். ரெண்டு பக்கமும் உன் பேர் போகும், பாத்துக்கோ." ஏணியில் கால் வைத்தவர் திரும்பினார். "அந்த ஈரச் சாக்கையெல்லாம் எடு. வெயில்ல காயட்டும். காஞ்சாலாவது என்ன கதின்னு பாப்போம்."

அவர் சைக்கிள் போன பிறகு, அப்பாவுவின் மனைவி சந்திரம்மா தலையில் சும்மாட்டுடன் வந்து யதுகிரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கலவைச் சட்டி சுமக்கிறவள்.

"ஆந்திராவுலயும் வேல இல்ல, மெட்ராஸ்லயும் வேல இல்ல. ரெண்டு ராஜாங்கமும் ஒண்ணா சேந்து ஒத்தனத் தள்ளி வைக்கிறத இப்பதான் பாக்கறேன்" என்றாள். சிரிப்பது போலத்தான் சொன்னாள். பிறகு உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு விடியக்காலையே தெரியும் டீச்சரம்மா."

"என்ன தெரியும்?"

"தண்ணி தெளிக்க ஏறினேன். எப்பவும் தளம் போட்டா மறுநா காலையில கால் வச்சா வெதவெதன்னு இருக்கும், ஜொரம் வந்த புள்ள நெத்தி மாதிரி. கெழக்கால அப்படித்தான் இருந்துச்சி. மேற்கால ஜில்லுனு கெடந்துச்சி."

யதுகிரி பதிவேட்டை மூடினாள்.

சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்தால் வெப்பம் வெளிப்படும். அது அவள் படித்த வாக்கியம். பரீட்சையில் எழுதி இரண்டு மார்க் வாங்கிய வாக்கியம். அதற்கு ஒரு காலும் ஒரு நெற்றியும் இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. சூடு வரவில்லையென்றால் வேதிவினை நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை? சிமெண்ட் செத்ததா, தண்ணீர் கெட்டதா?

"சிமெண்ட் மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

அரை மூட்டை இருந்தது. கலவைக்குத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த பெரிய இரும்புக் கொப்பரையின் அடியில் கொஞ்சம் தண்ணீரும் இருந்தது. கரும்புப் பாகு காய்ச்சுகிற கொப்பரை அது. கிணறு தூரம் என்பதால் கரும்புத் தோட்டக்காரி ரத்தினம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தது. மாசி பிறந்து, கரும்பு பிழிகிற ஆலையாட்டம் முடிந்திருந்ததால் கொடுத்தாள்.

எட்டு மணிக்கு யதுகிரி ஒரு கொட்டாங்குச்சியில் அந்தச் சிமெண்டையும் அந்தத் தண்ணீரையும் குழைத்தாள். லேபுக்கென்று வந்த பெட்டியில் இரண்டு தெர்மாமீட்டர் இருந்தன. ஒன்று வரும்போதே உடைந்திருந்தது. மற்றதை, ஒட்டிக்கொள்ளாமலிருக்க எண்ணெய்க் காகிதம் சுற்றி, குழம்பில் செருகி, கொட்டாங்குச்சியை வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் வைத்து, வகுப்பறை மேசைக்கடியில் தள்ளினாள். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் குனிந்து பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

குழைத்ததும் பாதரசம் சட்டென்று இரண்டு கோடு ஏறியது. அவ்வளவுதான். பிறகு மெல்ல இறங்கி நின்றுவிட்டது. இரண்டாவது மணி, அதே எண். மூன்றாவது மணி, அதே எண். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. சிமெண்ட் செத்ததுதான் போலிருக்கிறது.

பதினொரு மணிக்கு அரைக் கோடு ஏறியிருந்தது. பன்னிரண்டுக்கு இரண்டு கோடு. மூன்று மணிக்கு ஒன்பது கோடு ஏறி, கொட்டாங்குச்சி கையில் வெதுவெதுப்பாக இருந்தது. விரல் நகம் பதியவில்லை.

அவள் அந்த எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தண்ணீர் பட்டதும் ஒரு துள்ளல், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மௌனம், பிறகுதான் உண்மையான ஏற்றம். அந்த நடு மௌனத்தில்தான் அப்பாவு கலவை போட்டு, சுமந்து, பரப்பி, தட்டிச் சமன்செய்து முடிக்கிறான். உலகத்து மேஸ்திரிகள் எல்லாருடைய பிழைப்பும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் நடக்கிறது. அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் கலவை சட்டியிலேயே கல்லாகிவிடும்.

மேற்குப் பாதி அந்தத் தூக்கத்திலேயே கிடக்கிறதா?

பள்ளி விட்டதும் கட்டடத்துக்குப் போனாள். அப்பாவு செங்கல் குவியலில் குந்திக்கொண்டு பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்திருந்தான்.

"சிமெண்ட் நல்ல சிமெண்ட்" என்றாள். "தண்ணியும் நல்ல தண்ணி."

"நான் சொன்னா ஓவர்சியர் நம்பல. நீங்க சொன்னா நான் நம்பறேன். அப்பறம்?"

"நேத்திக்குக் காலைல இருந்துட்டு, மத்தியானம் இல்லாம போனது ஏதாவது உண்டா?"

"ஓவர்சியர்தான் மத்தியானம் இருந்தாரு, காலைல இல்ல" என்றாள் சந்திரம்மா.

"அது இல்லை. மணல்?"

"அதே குவியல்."

"ஜல்லி?"

"அதே வண்டி."

"கொப்பரை? எத்தனை தடவை ரொப்பினேள்?"

"ரெண்டு தபா. காலைல ஒண்ணு, துன்னுட்டு வந்து ஒண்ணு."

"முதல் தடவை ரொப்பறச்சே உள்ளே ஏதாவது இருந்ததா?"

"ஒண்ணும் இல்லீங்களே. வெறுங் கொப்பரைதான்" என்ற அப்பாவு, நெற்றியைச் சொறிந்தான். "சாமிக்கு வச்ச வெல்லம் இருந்துச்சி."

"என்ன வெல்லம்?"

அவர்கள் இருவரும் அவளை விநோதமாகப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமையாக இரவல் கொடுக்கிற வழக்கம் கிடையாது. குடம் கொடுத்தால் ஒரு பிடி அரிசி, முறம் கொடுத்தால் ஒரு மஞ்சள் கிழங்கு. கொப்பரை கொடுத்த ரத்தினம்மா அதில் ஒரு வெல்ல அச்சை வைத்து, மேலே ஒரு செம்பருத்தியும் வைத்துத்தான் வண்டி ஏற்றினாள். பள்ளிக்கூடக் கட்டடம் ஆயிற்றே.

"தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினு அப்படியே வுட்டேன். சாமிக்கு வச்சத எடுத்துத் துன்னலாமா? மேலயே தண்ணிய ஊத்தினோம்" என்றான் அப்பாவு. "ஏன், சுண்ணாம்புக்கு நாங்களே வெல்லத் தண்ணி ஊத்தறதுதான? கடுக்காயும் வெல்லமும் சேத்தா செவுரு இரும்பாட்டம் நிக்கும். நல்லதுதான?"

"எவ்வளவு பெரிய அச்சு?"

"முக்கா வீசை இருக்கும்."

முக்கால் வீசை என்றால் சுமார் ஒரு கிலோ. மேற்குப் பாதிக்கு எத்தனை மூட்டை என்று கேட்டு, அவள் மண்ணில் குச்சியால் எழுதிக் கணக்குப் போட்டாள். அறுநூறு பங்கு சிமெண்டுக்கு ஒரு பங்கு வெல்லம். அவ்வளவு கொஞ்சம். காபிக்குப் போட்டால் இனிப்பே தெரியாது.

அன்று சாயங்காலம் மூன்று கொட்டாங்குச்சி குழைத்தாள். முதலாவதில் தளத்தில் விழுந்ததில் பாதி அளவு வெல்லம். இரண்டாவதில் சரியாக அதே அளவு. மூன்றாவதில் ஐந்து மடங்கு. பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "சாக்கை இன்னும் எடுக்கலையே? எடுக்காதேங்கோ" என்றாள்.

"ஓவர்சியர் காயப் போடச் சொன்னாரே" என்றாள் சந்திரம்மா.

"காயக் கூடாது. சிமெண்ட் காஞ்சு இறுகறதில்லை. தண்ணியைக் குடிச்சு இறுகறது. தூங்கிண்டிருக்கறப்பவே தண்ணி வத்திப்போனா, அப்புறம் முழிச்சாலும் குடிக்க ஒண்ணும் இருக்காது."

"முழிச்சிக்குமா?" என்று கேட்டான் அப்பாவு.

"தெரியாது."

அப்பாவு பீடியை வாயிலிருந்து எடுத்தான். "தெரியாதுன்னு சொல்ற டீச்சர இப்பதான் பாக்கறேன்" என்றான்.

ஓவர்சியரிடம் இதைச் சொல்ல வேண்டும். அவர் தங்கியிருந்த வீடு தபாலாபீஸுக்குப் பக்கத்தில். யதுகிரி போனாள். அவர் வாசலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "சார்" என்றாள். அவர் ஏறினார். "சார்" என்றாள் மறுபடியும், மூன்றாவது பெஞ்சுக்குக் கேட்கும் குரலில். சைக்கிள் மணி அதைவிடச் சத்தமாக இருந்தது. அவர் திரும்பாமல் ரயிலடிப் பக்கம் போய்விட்டார். அவள் சிறிது நேரம் தபால் பெட்டியைப் பார்த்தபடி நின்றுவிட்டுத் திரும்பினாள்.

சனிக்கிழமை காலை திருப்பதிக்கு ரயில் ஏறுவதற்கு முன் தளத்துக்கு ஏறினாள். முதல் தடவையாக அந்த ஏணியில் ஏறினாள், புடவையைச் செருகிக்கொண்டு. ஒரு சாண் மூங்கில் குழாயை மேற்குப் பாதியின் சகதிக்குள் அழுத்தி, அதில் தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டரை இறக்கினாள். சந்திரம்மாவுக்கு எண் படிக்கத் தெரியாது. பாதரசம் நின்ற இடத்தில் யதுகிரி ஒரு சிவப்பு நூலைக் கட்டினாள்.

"தினம் விடியறதுக்கு முந்தி, வெயில் படாதப்போ பாருங்கோ. வெள்ளிக் கம்பி நூலைத் தாண்டியிருக்கா, இல்லையா. அது போதும்."

"காலை வச்சே சொல்லிடுவேன் டீச்சரம்மா."

"காலும் வையுங்கோ. நூலும் பாருங்கோ."

ரயிலில் மடியில் கூடை. கூடைக்குள் மூன்று கொட்டாங்குச்சி. எதிரே உட்கார்ந்திருந்த திருமலை யாத்திரைக்காரர் பிரசாதம் என்று நினைத்துக் கையைக்கூட நீட்டினார்.

வீட்டில் அம்மா வரலக்ஷ்மி கூடையைத் திறந்துவிட்டு அவளைப் பார்த்தாள். "என்னடி இது? வாரத்துக்கு ஒரு நாள் ஆத்துக்கு வரே, கொட்டாங்குச்சில சேத்தை எடுத்துண்டு வரே!"

"பரிசோதனை அம்மா."

"பெருமாள் இருக்கற உள்கிட்ட வைக்காதே. கொல்லைப் பக்கம் வை."

கல்லூரி நூலகம் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும். அவள் பத்தரைக்குப் போய் இரண்டு தடிப் புத்தகங்களைப் புரட்டினாள். வெல்லம் என்று எங்கும் இல்லை. சர்க்கரை என்றும் இல்லை. ஆனால் ஒரு பக்கத்தின் அடியில் ஜிப்சம் பற்றி நான்கு வரி இருந்தது. சிமெண்டை அரைக்கும்போது கொஞ்சம் ஜிப்சம் சேர்க்காவிட்டால், தண்ணீர் பட்ட நிமிஷமே அது விறைத்துக்கொள்ளும். அப்படி ஆகாமல் தள்ளிப்போடத்தான் ஜிப்சம். படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த இரண்டு மணி நேரத் தூக்கத்தையே யாரோ யோசித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ரத்தினம்மா தெரியாமல் இன்னும் கொஞ்சம் சேர்த்துவிட்டாள். தள்ளிப்போடுவது வேறு, கொல்வது வேறு. ஆனால் வெல்லம் இதில் எது?

ஞாயிற்றுக்கிழமை காலை கொல்லையில் பல் தேய்க்கும்போது பாதி வெல்லம் போட்ட முதலாவது கொட்டாங்குச்சியைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. நகத்தால் கீறினாள். கீறல் விழவில்லை. வாயில் நுரையோடு சிரித்தாள்.

இரண்டாவது இன்னும் குழம்பு. அது வெள்ளிக்கிழமை மாலை குழைத்தது. தளம் வியாழக்கிழமை காலையில் போட்டது. முழிப்பதாக இருந்தால் தளம்தான் முந்தும். ஆனால் திங்கட்கிழமை காலைக்குள் முந்துமா?

திங்கட்கிழமை முதல் ரயிலில் இறங்கி, கூடையோடு நேரே கட்டடத்துக்கு ஓடினாள். ஓவர்சியர் அவளுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தார். சம்மட்டியுடன் இரண்டு ஆட்கள். தளத்தின் மேல் ஈரச் சாக்கு விரித்தபடியே கிடந்தது. அவர் முகம் சிவந்திருந்தது.

"காயப் போடச் சொன்னா, மூணு நாளா தண்ணி ஊத்தியிருக்கே! இறுகாத தளத்துக்குத் தண்ணியா? திருட்டோட திமிரும் சேந்துதா?"

அப்பாவு தலை குனிந்து நின்றான். சந்திரம்மா வாயைத் திறந்தாள். அவன் கையால் தடுத்தான். டீச்சரின் பேரைச் சொல்லக் கூடாது என்று அவன் முடிவு செய்துவிட்டான் என்பது யதுகிரிக்குப் புரிந்தது.

"நான்தான் சொன்னேன்."

யாரும் திரும்பவில்லை. சம்மட்டிக்காரன் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டான்.

"சார்! நான்தான் தண்ணி ஊத்தச் சொன்னேன்!"

அந்தக் குரல் பள்ளிக்கூடத்து வேப்பமரம் வரை போயிற்று. அவளுக்கே அது வேறு யாருடையதோ போல் கேட்டது. ஓவர்சியர் ஏணிக்குக் கீழே பார்த்தார்.

"ஏமம்மா டீச்சர், உனக்கு இதுல என்ன வேலை?"

"மேலே வரேன். வந்து சொல்றேன்."

ஏறினாள். சந்திரம்மா ஓடி வந்து அவள் காதருகில், "நேத்து வரைக்கும் நூல்லயே நின்னுச்சி. இன்னிக்கு விடியக்காலையில இவ்ளோ தாண்டிக்கிச்சி" என்று கட்டைவிரல் அகலம் காட்டினாள். யதுகிரி மூங்கில் குழாயருகில் மண்டியிட்டாள். சூரியன் இன்னும் வேப்பமரத்துக்குக் கீழேதான் இருந்தது. சிவப்பு நூல் இருபத்து நான்கில். பாதரசம் முப்பத்து மூன்றில். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரைக் கோடு நகர்ந்ததோ என்று தோன்றியது.

"சார், செருப்பைக் கழட்டிட்டு இங்கே கால் வையுங்கோ."

"என்னது?"

"முதல்ல அங்கே கிழக்குல வையுங்கோ. அப்புறம் இங்கே."

ஜெயச்சந்திரன் சம்மட்டிக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றினார். கிழக்கில் நின்றார். ஜில்லென்றிருந்தது. நான்கு எட்டு வைத்து மேற்கே வந்து, சாக்கை விலக்கி, ஒற்றைக் காலை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். பிறகு குனிந்து உள்ளங்கையை வைத்தார்.

"சுடுது" என்றார்.

"ஜொரம்" என்றாள் சந்திரம்மா.

அவர் குடைக் காம்பை எடுத்துக் குத்தினார். அரை விரற்கடைகூட இறங்கவில்லை. யதுகிரி கொப்பரையில் இருந்த வெல்லத்தைச் சொன்னாள், அறுநூறில் ஒரு பங்கைச் சொன்னாள், முதலாவது கொட்டாங்குச்சியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை எடை பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டார்.

"சாயங்காலத்துக்குள்ள டங்குன்னு சத்தம் வருமா?"

"வரும்னு நினைக்கறேன். பலம் எவ்வளவு இருக்கும்னு இப்போ சொல்ல முடியாது. மாசக் கடைசில குத்திப் பாருங்கோ, சுமை வச்சுப் பாருங்கோ. அதுவரைக்கும் சாக்கு ஈரமாவே இருக்கணும்."

ஓவர்சியர் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். "உடைக்கறத நிறுத்தறேன். அப்பாவு பேரையும் எழுதலை. ஆனா காரணம்னு ஒண்ணு எழுதணுமே. வெல்லம்னு எழுதினா சித்தூர்ல ஆபீஸே சிரிக்கும்."

"எழுதுங்கோ சார். கீழே நான் கையெழுத்துப் போடறேன்."

அவர் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள், பி.எஸ்.சி. என்றும் சேர்த்து. சம்மட்டிக்காரர்களில் ஒருவன், "அப்ப எங்க கூலி?" என்றான். "தண்ணி எறைங்கடா, தரேன்" என்றார் ஓவர்சியர். இறங்கும்போது ஏணியில் நின்று அப்பாவுவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். "அந்த மூலைல சாக்கு காஞ்சிருக்கு பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் ரத்தினம்மா கொப்பரைக்கு வண்டி ஓட்டி வந்தாள். விஷயம் அவளுக்கு முன்பே எட்டியிருந்தது.

"என் வெல்லத்துக்கு என்னாடி கொற? சித்தூர் மண்டியில எங்கூட்டு வெல்லம்னா தனி பேரு!"

"கொறையே இல்லக்கா. ரொம்ப நல்ல வெல்லம். அதான் தளம் நாலு நா தூங்கிடுச்சி" என்றாள் சந்திரம்மா.

கொப்பரையைக் கழுவி வண்டியில் ஏற்றினார்கள். இந்தப் பக்கமிருந்தும் அதை வெறுமையாக அனுப்ப முடியாது. சந்திரம்மா சுற்றிலும் பார்த்தாள். அரிசி இல்லை, மஞ்சள் இல்லை. யதுகிரியின் கூடையிலிருந்து முதலாவது கொட்டாங்குச்சியை எடுத்து, கல்லாகிப் போயிருந்த அதைக் கொப்பரை நடுவில் வைத்தாள்.

"இதென்னாடி?"

"ஒங்க வெல்லந்தான். எடுத்துக்கினு போங்க."

வண்டி நகர்ந்தது. உள்ளே கல் உருண்டு, கொப்பரை வழியெல்லாம் டங்டங்கென்று சத்தம் போட்டுக்கொண்டே போனது. யதுகிரி கூடையிலிருந்த மற்ற இரண்டையும் வெளியே எடுத்து வைத்தாள். இரண்டாவது லேசாக இளஞ்சூடு. ஐந்து மடங்கு வெல்லம் போட்ட மூன்றாவதில் கட்டைவிரலை அழுத்தினாள். சுலபமாக உள்ளே போயிற்று. விரலைத் துடைத்துக்கொண்டு, நோட்டில் தேதி போட்டு, பக்கத்தில் 'இன்னும் இல்லை' என்று எழுதினாள்.